தீவகத்தில் அளவெடுத்த கதை

நெடுந்தீவுக்கு முதல் முறை ஒரு லொகரைக் கொண்டுபோனபோது அதை மூன்று சுற்றுப் பொலித்தீனில் கட்டி, மேலே ஓர் உரப்பையும் சுற்றியிருந்தேன். போர் முடிந்து ஓரிரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சோளகம் பெயர்ந்த மாதம். குறிகட்டுவானில் இருந்து லோஞ்சு புறப்பட்டுக் கொஞ்ச நேரத்திலேயே அணியம் எழும்பி விழத் தொடங்கியது. தெறித்த தண்ணீர் முதுகை நனைத்தது. பெட்டியை மடியில் அணைத்தபடி இருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் வெகுநேரம் அதையே பார்த்துவிட்டுக் கேட்டார்.

“அதுக்குள்ளை என்ன தம்பி, றேடியோவோ?”

“காத்து எவ்வளவு அடிக்குது எண்டு பதிஞ்சு வைக்கிற பெட்டி அப்பு.”

“காத்தைப் பதிஞ்சு வைச்சு என்ன செய்யிறது? சோளகம் எப்ப பெயரும், கச்சான் எப்ப திரும்பும் எண்டு எங்களைக் கேட்டால் சொல்லுவம்தானே.”

அளவுக்கருவிகளைப் பூட்டுவதும் திருத்துவதுமாக அப்போதே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்திருந்தேன். இருந்தும் அவருக்குச் சொல்ல ஒரு நல்ல பதில் என்னிடம் இருக்கவில்லை. அதே பயணத்தில், சில வாரங்களுக்குள், அவர் சொன்னது எவ்வளவு சரி என்று எனக்குத் தெரிந்தது. அந்தச் சம்பவத்தைச் சொல்வதற்கு முன், இந்தத் தீவுகளில் அளவெடுக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் கடலைப் பற்றிய மிகப் பழைய கணக்குகளில் ஒன்று நயினாதீவில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு மன்னன் வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டு அது. ஊராத்துறைக்கு யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மிச்சம் உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. அந்த ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை, என் ஊர். கப்பல் உடைவது வழக்கமான செய்தி என்பதால்தானே அதற்கு ஒரு விகிதம் வகுத்துக் கல்லில் எழுத வேண்டி வந்தது? காற்றும் நீரோட்டமும் கலங்களை உடைத்த கடல் இது. அந்தக் காற்றை அளக்க அப்போது யாரிடமும் கருவி இல்லை.

போர்த்துக்கேயர் யானை ஏற்றிய துறை என்று ஊருக்குப் பெயர் வைத்தார்கள். அதன் தேய்ந்த வடிவம்தான் ‘கயிற்ஸ்’. பின்னால் வந்த ஒல்லாந்தர் தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களை வரிசையாக எங்கள் தீவுகளுக்குச் சூட்டினார்கள். வேலணை லெய்டன் ஆயிற்று, காரைநகர் அம்ஸ்ரடாம், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம், நெடுந்தீவு டெல்வ்ற். மற்றவை ஏட்டோடு போய்விட்டன, டெல்வ்ற் மட்டும் இன்றும் ஆங்கிலப் பலகைகளில் நிற்கிறது. அந்த ஒல்லாந்து நாட்டுக்காரர் ஒருவர்தான், பாடன் கைபன் என்ற இராணுவப் பொறியியலாளர், எங்கள் கிணறுகளை விளங்கிக்கொள்ள எனக்கு வழி காட்டினார். 1880களின் இறுதியில் தன் நாட்டுக் கடற்கரை மணலை ஆராய்ந்து அவர் கண்டது இது: கடலோரத்தில் நிலத்தடி நன்னீர், உப்புநீரின் மேல் எண்ணெய்போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். மேலே ஒரு சாண் இறைத்தால் கீழே நாற்பது சாண் உப்பு ஏறும். தீவுக் கிணறு ஏன் ஒரே கோடையில் சவராகிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. துலா மிதித்த எங்கள் பாட்டன்மார் இந்தக் கணக்கை அறியமாட்டார்கள். ஆனால் விடியற்காலையில் எத்தனை பட்டை இறைத்தால் நிறுத்த வேண்டும் என்பதை நாக்கால் அறிந்திருந்தார்கள்.

என் சொந்தக் கதை ஒரு செப்புப் புனலில் தொடங்குகிறது. எங்கள் வீட்டுக்கு அண்மையில் இருந்த அரச கட்டடத்தின் முற்றத்தில் ஒரு மழைமானி புதைத்திருந்தார்கள். ஐந்து அங்குல வாய், உள்ளே ஒரு போத்தல், அளக்க ஒரு கண்ணாடிக் குழாய். அங்கே சிற்றூழியராக இருந்த அப்பாவுக்குத்தான் அதை வாசிக்கும் பொறுப்பு. காலை 8.30 மணிக்கு வாசிக்க வேண்டும். 8.25க்கும் வாசிக்கமாட்டார், 8.35க்கும் வாசிக்கமாட்டார். மாத முடிவில் எண்களை ஓர் அட்டையில் எழுதிக் கொழும்புக்குத் தபாலில் அனுப்புவார். கொழும்பில் 1907இல் தொடங்கிய வானிலை அவதான நிலையம், 1948இல் தனித் திணைக்களம் ஆனது. அந்த அட்டைகள் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. ஏதாவது பழுது என்றால் உதவியும் தபாலில்தான் வரும். புனலின் ஓட்டைக்கு ஈயம் வைக்கலாமா என்று கேட்டு எழுதினால் மூன்று கிழமை கழித்துப் பதில் வரும்.

அப்பா ஒரு விடயத்தில் மிகவும் கண்டிப்பு. மழை பெய்யாத நாளில் கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது, பூச்சியம் எழுத வேண்டும். “பூச்சியம் எண்டால் நான் போய்ப் பார்த்தனான், தண்ணி இல்லை எண்டு அர்த்தம். வெறுமை எண்டால் நான் போகேல்லை எண்டு அர்த்தம்” என்பார். 1964 டிசெம்பர் 22 இரவு, தனுஷ்கோடியை அழித்த அந்தப் புயல் எங்கள் வடபகுதியைக் கடந்துதான் அங்கே போனது. எனக்கு ஒன்பது வயது. விடிந்து பார்க்கும்போது முற்றத்தில் மழைமானியின் புனல் இல்லை. அப்பா நனைந்த சாரத்தோடு போத்தலைத் தூக்கிப் பார்த்தார். அது நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அன்றைய கட்டத்தில் அவர் எண் எழுதவில்லை. ‘மானி சேதம்’ என்று எழுதினார். போத்தலில் நின்ற தண்ணீரை அளந்து ஒரு எண்ணை எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அவர் சொன்ன அந்த வேறுபாட்டைப் பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகள் கழித்து ஒரு பாடப்புத்தகத்தில் பார்த்தபோது எனக்கு மயிர் சிலிர்த்தது. தொழிற்சாலைக் கருவிகள் தங்கள் அளவை 4 முதல் 20 மில்லியம்பியர் வரையான மின்னோட்டமாக அனுப்புகின்றன. ஏன் பூச்சியத்தில் தொடங்காமல் 4இல் தொடங்க வேண்டும்? தாங்கியில் தண்ணீர் இல்லை என்றால் 4 வரும். வயர் அறுந்திருந்தால் 0 வரும். பார்த்துவிட்டுச் சொல்லும் ‘இல்லை’ வேறு, பாராமல் இருப்பது வேறு. தீவுக்குக் கருவி தேடி என்னிடம் யோசனை கேட்கிற எவருக்கும், நீண்ட வயர் இழுக்க வேண்டிய இடத்தில் வோல்ற்று வெளியீட்டை விட்டு இந்த வகையை எடுங்கள் என்றுதான் இன்றுவரை சொல்கிறேன். உப்புக்காற்று மூட்டுகளைத் தின்னும்போது வயரின் தடை ஏறும். வோல்ற்று அளவு அதோடு மெல்லப் பொய்யாகும். மின்னோட்டம் அப்படி ஏமாற்றாது.

நான் வேலை பழகிய கருவிகள் மின்சாரமே கேட்காதவை. ஈரப்பதனுக்கு 1783இல் சுவிற்சர்லாந்துக்காரர் சொசூர் கண்டுபிடித்த வழி: மனிதத் தலைமயிர் ஈரத்தில் நீளும், வறட்சியில் குறுகும். அந்த மயிர்க் கற்றை ஒரு பேனாவை அசைக்க, சாவி கொடுத்த மணிக்கூட்டு உருளை கிழமைக்கு ஒரு சுற்றுச் சுற்றும். வெயிலைப் பதிய ஒரு கண்ணாடிப் பந்து. சூரியன் போகும் வழியெல்லாம் அட்டையில் கருகிய கோடு விழும், முகில் வந்த இடத்தில் கோடு அறும். காற்றுக்கு 1846இல் அயர்லாந்தில் றொபின்சன் செய்த கிண்ண மானியின் வழிவந்தவை. இவற்றில் பழுது பார்ப்பது என்றால் தூசு துடைப்பது, எண்ணெய் விடுவது, மயிரை வடிநீரில் கழுவுவது, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத பழுது மிகவும் குறைவு.

1990இல் தீவகத்தை விட்டு யாழ்ப்பாணத்துக்கு வெளியேறினோம். அந்த ஆண்டுக்கும் அடுத்து வந்த நெடுங்காலத்துக்கும் எங்கள் முற்றத்து மழைக்கு எண் இல்லை. வடக்கின் மழைப் பதிவுகளை எடுத்துப் பார்ப்பவர்கள் அந்தக் கால வெறுமைகளைக் காண்பார்கள். அப்பாவின் பாஷையில் சொன்னால், யாரும் போய்ப் பார்க்க முடியாமற் போன நாட்கள் அவை. குடாநாட்டில் பொருளாதாரத் தடை. தடைப்பட்ட பொருட்களின் பட்டியலில் எரிபொருளோடும் சீமெந்தோடும் சாதாரண ரோச்சுப் பற்றறியும் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட நாட்கள். பற்றறியில் ஓடும் புதிய பதிகருவி ஒன்று என் கைக்கு வந்து, ஒரு வருடம் அலமாரியில் தூங்கியது. சாவி கொடுத்த பழைய உருளைதான் ஓடிக்கொண்டிருந்தது. மை தீர்ந்தபோது பள்ளிக்கூட மையில் கிளிசரின் கலந்து ஊற்றினேன். கோடு கொஞ்சம் தடித்தது, ஆனால் வாசிக்க முடிந்தது. கருவியைத் தெரிவு செய்வது பற்றி நான் படித்த எந்தக் கையேடும் அந்த ஒரு வருடம் கற்றுத் தந்ததைச் சொல்லித் தரவில்லை. அது எதைத் தின்று உயிர் வாழும், அந்தத் தீனி இந்த மண்ணில் கிடைக்குமா என்பதைத்தான் நான் முதலில் கேட்கிறேன்.

1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தில் இருந்தும் வெளியேறி வன்னிக்குப் போனேன். அங்கே இன்னொரு சிக்கல் காத்திருந்தது. 1996 மே 25ஆம் திகதி இலங்கை அரசு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தியது. ஒக்ரோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதி பழைய நேரத்திலேயே நின்றது. 2006 ஏப்ரிலில் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை, பத்து ஆண்டுகள், ஒரே வடமாகாணத்துக்குள் இரண்டு நேரங்கள். ஊர்காவற்றுறைக்குத் திரும்பியிருந்த அக்கா ‘காலை எட்டு மணிக்குப் பெருமழை’ என்று கடிதம் எழுதினால் எனக்கு அது ஏழரை. போர் முடிந்தபின் அந்தக் காலத்துப் பதிவுகள் சிலவற்றை ஒழுங்குபடுத்தும் வேலை என்னிடம் வந்தது. இரண்டு இடங்களின் மழை எப்போதும் அரை மணி வித்தியாசத்தில் தொடங்குவதைக் கண்டு, முகில் இங்கிருந்து அங்கே நகர்ந்திருக்கிறது என்று ஓர் இளம் பொறியியலாளர் படம் கீறிக்கொண்டிருந்தார். நகர்ந்தது முகில் இல்லை தம்பி, மணிக்கூடு என்றேன். அவருக்கு அப்படி ஒரு காலம் இருந்ததே தெரியாது. அன்றிலிருந்து நான் பூட்டும் ஒவ்வொரு பெட்டியின் கதவிலும், உள்ளே ஓடும் நேரம் எது, எந்தத் திகதியில் யார் வைத்தது என்று ஒட்டுத்தாளில் எழுதிவிடுகிறேன்.

இனி அந்த நெடுந்தீவுச் சம்பவம்.

காற்றாலை வைக்க முடியுமா என்று பார்க்க, ஒரு கட்டடத்துக்குப் பின்னால் உயரமான குழாய்க்கம்பம் நட்டு, உச்சியில் கிண்ண மானியும் திசைகாட்டியும் பூட்டினோம். கம்பத்தில் இருந்து வயர் சுவரோரமாக வந்து அறைக்குள் லொகரில் முடிந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சராசரி, கூடியது, குறைந்தது, விலகல் என நான்கு எண்களை அது எழுதும். இரண்டு வாரம் கழித்துத் தரவை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினேன். அடுத்த நாளே தொலைபேசி வந்தது. “இரவில் விநாடிக்கு 38 மீற்றர் காட்டுகிறது. மானி பழுது. மாற்றுங்கள்.”

விநாடிக்கு 38 மீற்றர் என்றால் மணிக்கு 137 கிலோமீற்றர். வீட்டுக்கூரை நிற்காது. உதிரி மானி வந்தது. கம்பத்தைச் சாய்த்து மாற்றினோம். ஐந்து பேருக்கு ஒரு பகல் வேலை. அடுத்த கிழமையும் அதே 38. பிறகு லொகரையே மாற்றச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கடற்கரைக்குப் போனேன். லோஞ்சில் கேள்வி கேட்ட அதே பெரியவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். திகதிகளைச் சொல்லி, அந்த இரவுகளில் காற்று எப்படி என்று கேட்டேன்.

“அந்தக் கிழமை இரவிலை ஒரு சொட்டுக் காத்தும் இல்லை. வள்ளத்தை வலிச்சுத்தான் வந்தனாங்கள்.”

அப்படியானால் காற்றே இல்லாத இரவில்தான் கருவி புயல் காட்டுகிறது. திரும்பி வந்து எண்களை மறுபடி பார்த்தேன். முதல்முறை நான் கவனியாமல் விட்டது கண்ணில் பட்டது. 38க்குப் பக்கத்தில் விலகல் பூச்சியம். பத்து நிமிடம் முழுக்க ஒரே வேகத்தில் வீசும் காற்று உலகத்தில் எங்கும் இல்லை. அந்த எண் வந்த நாளெல்லாம் மாலை ஆறரைக்குப் பிறகே வந்தது, இரவு பத்தோடு நின்றது. காவலாளியிடம் கேட்டேன், ஆறரைக்கு என்ன நடக்கும்? “எஞ்சின் போடுவம் அண்ணை. பத்துக்கு நிப்பாட்டுவம்.”

அந்தக் கட்டடத்துக்குச் சொந்தமாக ஒரு சிறிய டீசல் எஞ்சின் இருந்தது. சுவரோரமாக எங்கள் மெல்லிய வயரும் எஞ்சினில் இருந்து வரும் தடித்த வயரும் ஒரே பட்டியில் கட்டி, நாற்பது மீற்றர் தூரம் தோளோடு தோளாக ஓடின. அந்த வகை மானி சுழலும்போது உள்ளே இருக்கும் காந்தம் ஒரு சுருளில் மிகச் சிறிய மின்னலையை எழுப்பும். விநாடிக்கு ஓர் அலை கூடினால் காற்று விநாடிக்கு ஏறத்தாழ முக்கால் மீற்றர் கூடியதாகக் கணக்கு. எஞ்சின் தரும் மின்சாரமோ விநாடிக்கு ஐம்பது அலை. பக்கத்து வயரில் அதன் சாயல் படிகிறது. காற்று வீசும்போது மானியின் அலை பெரிது, அந்தச் சாயலை அமுக்கிவிடும். காற்று நின்றால் லொகரின் காதில் விழுவது எஞ்சின் மட்டும். ஐம்பது முக்கால், ஏறத்தாழ 38. வயரைச் சுற்றி ஒரு கவச வலை இருந்தது. ஆனால் அதை எந்த முனையிலும் எர்த்தில் கொடுத்திருக்கவில்லை. கவசத்தை லொகர் முனையில் மட்டும் எர்த்தில் பூட்டினேன். இரண்டு முனையிலும் பூட்டினால் இரண்டு எர்த்துக்கும் இடையில் மின்னோட்டம் ஓடி வேறு ஒரு நோய் வரும். வயரைப் பிரித்து எதிர்ச்சுவரால் கொண்டுவந்தேன். அன்றிரவு எஞ்சின் ஓட, திரையில் பூச்சியம் வந்தது. நானும் காவலாளியும் அந்தப் பூச்சியத்தைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தோம்.

மானியிலும் பிழை இல்லை, லொகரிலும் பிழை இல்லை. வயரைக் கட்டியவர்களில் நானும் ஒருவன், பிழை எங்களுடையது. கொழும்பில் இருந்து தொலைபேசியில் உதவி செய்தவர்கள் கெட்டிக்காரர். ஆனால் எஞ்சின் சத்தம் அவர்களுக்குக் கேட்காது. கடற்கரையில் வலை பொத்தியவரைக் கேட்டிருக்காவிட்டால் இன்னும் இரண்டு பெட்டிகளை மாற்றியிருப்போம்.

அதன்பின் நான் பார்த்த பழுதுகளில் பாதிக்கு மேல் இந்தச் சாதிதான். பெட்டிக்குள் இருக்காது, பெட்டிக்கும் உலகத்துக்கும் இடையில் இருக்கும். சாய்வாளி மழைமானியில் எறும்பு கூடு கட்டும், பனம்பூத் தூள் அடைக்கும். சில வேளை ஆளியின் தொடுமுனை அதிர்ந்து ஒரு சாய்வை இரண்டாக எண்ணும், ஊரில் பெய்ததைப்போல இரு மடங்கு மழை ஏட்டில் பெய்யும். இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த எதுவும் வேண்டாம். எட்டு அங்குல வாயுள்ள மானியில் 0.2 மில்லிமீற்றர் மழை என்பது ஆறரை மில்லிலீற்றர் தண்ணீர். பிளாஸ்ரிக் போத்தலின் மூடியில் ஊசியால் துளையிட்டு, 650 மில்லிலீற்றரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரு மணித்தியாலம் பொறுமையாக இருக்க வேண்டும். நூறு சாய்வுக்கு அண்மையாக எண்ணினால் கருவி நல்லது. இருநூறு எண்ணினால் ஆளி அதிர்கிறது.

கிணற்று உப்பை அளக்கும் கருவிகளில் வெப்பம் ஏமாற்றும். தண்ணீரின் மின்கடத்துதிறன் ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 2 ஏறும். வெயில் ஏறும்போது தொட்டித் தண்ணீர் சூடாகி, உப்புக் கூடியதாகக் காட்டும், இரவில் இறங்கும். கடல் உள்ளே வந்து போகிறது என்று பயந்து, ஒரு தோட்டக்காரர் இறைப்பையே நிறுத்தியிருந்தார். 25 பாகைக்குத் திருத்தித் தரும் கருவியா என்று வாங்கும்போதே கேட்டிருந்தால் அவருடைய வெங்காயம் காய்ந்திருக்காது. பல கருவிகளை ஒரே இரட்டை வயரில் கோக்கும் முறையிலும் ஒரு பொறி உண்டு. ஏ, பி என்ற இரண்டு முனைகளை ஒரு கம்பனி ஒருவிதமாகவும் இன்னொரு கம்பனி தலைகீழாகவும் குறிக்கும். கைந்நூலை நம்பி மூன்று நாள் மல்லுக்கட்டுவதை விட, இரண்டு வயரையும் மாற்றிப் பூட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். எதுவும் எரியாது.

வாங்குகிறவர்கள் அதிகம் தவறுவது எண்களின் பெருமையில். வெயிலின் வலுவை அளக்கும் கருவி ஒன்று உச்சி வெயிலில் தருவது 10 மில்லிவோல்ற்று அளவுதான். கூட்டல் கழித்தல் 10 வோல்ற்று வரை அளக்கும், 12 பிற் அட்டை ஒன்றை அதற்கு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். 20 வோல்ற்றை 4,096 படியாகப் பிரித்தால் ஒரு படி 5 மில்லிவோல்ற்றுக்குக் கிட்ட. முழு வெயிலும் அந்த அட்டைக்கு இரண்டே படி. விடியலுக்கும் நடுப்பகலுக்கும் இடையில் அது இரண்டு தரம் மட்டும் அசைந்தது. அட்டை தரமானது, தொழிற்சாலை ஒன்றில் இருந்திருந்தால் நன்றாக உழைத்திருக்கும். உங்கள் உணரி எவ்வளவு சிறிய சத்தத்தில் பேசுகிறது என்பதை முதலில் பார்த்து, அதைக் கேட்கும் காதை அதன்பின் தேடுங்கள்.

இவ்வளவு காலமும் ஒரு பிழையான எண் ஏட்டில் கிடந்தால், அதனால் கெடுவது ஏடு மட்டும். இனி அப்படி இல்லை. வேலணை, புங்குடுதீவு, காரைநகர் மூன்றும் தரைப்பாலங்களால் குடாநாட்டோடு சேர்ந்தவை, மின்கம்பியும் அந்த வழியே வந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு நான்கும் கடலுக்கு அப்பால். அங்கே நெடுங்காலம் மின்சார சபையின் டீசல் எஞ்சின்தான் வெளிச்சமாக இருந்தது, டீசலோ படகில் போக வேண்டியிருந்தது. எழுவைதீவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு சூரியன், காற்று, பற்றறி, டீசல் நான்கையும் கலந்த நிலையம் முதலில் வந்தது. மற்ற மூன்று தீவுகளின் திட்டம் உலக அரசியலுக்குள் மாட்டுப்பட்டது. 2021 சனவரியில் சீன நிறுவனக் கூட்டு ஒன்றுக்கு அமைச்சரவை அதை வழங்கியது. தன் கரைக்கு இவ்வளவு அண்மையில் என்று இந்தியா எதிர்த்தது. ஆண்டு முடிவில் சீனத் தரப்பு நிறுத்திக்கொண்டது. 2022 மார்ச்சில் இந்தியா நன்கொடையாகச் செய்து தர உடன்பட்டு, 2024 மார்ச் 1ஆம் திகதி பெங்களூர் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. 1,700 கிலோவாற் சூரியன், 530 கிலோவாற் காற்று, 2,400 கிலோவாற் மணி பற்றறி, துணைக்கு 2,500 கிலோவாற் டீசல்.

இப்படிப்பட்ட நிலையத்தில் எஞ்சினை எப்போது தொடங்குவது, பற்றறியை எப்போது நிறுத்துவது என்று தீர்மானிப்பது அளவுகள்தான். வெயில், காற்று, பற்றறியின் வோல்ற்று, அதன் சூடு எல்லாம் வயர் வழியே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வரும், பெட்டி கட்டளையிடும். என் நெடுந்தீவுச் சுவரில் நடந்ததுபோல ஒரு வயர் பொய் சொன்னால், இல்லாத காற்றை நம்பிப் பெட்டி எஞ்சினை நிறுத்தும். வைத்தியசாலையின் மருந்துக் குளிர்ப்பெட்டி நிற்கும். வாடைக்காலத்தில் லோஞ்சு ஓடாத நாளில் அது நடந்தால், கொழும்பில் இருந்தோ பெங்களூரில் இருந்தோ யார் வருவார்?

அதனால் இதற்குப் பொறுப்பானவர்களிடம் எழுபது வயதுத் தொழிலாளியாக ஒன்றைக் கேட்கிறேன். ஒவ்வொரு தீவிலும் பிறந்து அங்கேயே இருக்கப் போகிற ஒரு பெண்ணையோ பையனையோ இந்த வயர்களைப் பூட்டும் முதல் நாளிலேயே பக்கத்தில் நிறுத்துங்கள். பூட்டி முடித்த பிறகு தரும் இரண்டு நாள் பயிற்சி போதாது. வயர் எந்தச் சுவரால் போகிறது, எந்த முனையில் எர்த்து என்பதைத் தமிழில் ஒரு தாளில் கீறிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். பதியும் எண்களின் ஒரு பிரதி மாதாமாதம் அந்தத் தீவின் பாடசாலைக்கும் போகட்டும். தங்கள் தலைக்கு மேலே அடித்த காற்றின் கணக்கைப் பிள்ளைகள் கணிதப் பாடத்தில் பார்க்கட்டும். பிழையான எண்ணை முதலில் கண்டுபிடிப்பவர்களும் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

வாசிக்கிற தீவகத்தவர்களிடமும் ஒன்று. பெட்டகத்தில், பரணில், வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வீட்டு அலுமாரியில் பழைய மழைப்புத்தகம், கிணற்று இறைப்புக் கணக்கு, லோஞ்சு ஓட்டியவரின் நாட்குறிப்பு, காற்றுத் திரும்பிய நாளைக் குறித்த கலண்டர் எதுவாவது இருந்தால் எறிந்துவிடாதீர்கள். படம் எடுத்து நூலக நிறுவனத்துக்கோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ கொடுங்கள். அப்பாவின் புத்தகங்கள் 1990இல் வீட்டோடு போய்விட்டன. 1964 டிசெம்பர் 23ஆம் திகதிக் கட்டத்தில் அவர் எழுதிய அந்த இரண்டு சொற்கள் என் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கின்றன.